உடைந்து வந்த இணையப் பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங்கில் நான் ஒரு சிறிய நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களின் லயத்து வீடுகளுக்குச் சரியான தெருப்பெயரும் கதவெண்ணும் இல்லாததாலும், செம்பனைக்குள் போகும் மண்சாலையில் வேனை இறக்கக் கூரியர் ஓட்டுநர்கள் தயங்குவதாலும், பலருடைய பார்சல்கள் என் கடை மேசையிலேயே இறங்குகின்றன. எடுத்துப் போனவர்களில் சிலர் மறுநாளே உடைந்த பொருளோடு திரும்பி வந்து ஒரே விதமான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன். படிவம் நிரப்பிக் கொடுத்தும், நகலெடுத்துக் கொடுத்தும், சட்டத்தைப் படித்துப் பார்த்தும் கற்றுக்கொண்டவை இவை.

அக்கா, பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. வாங்கலாமா, வேணாம்னு திருப்பி அனுப்பிடலாமா?

பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பெட்டியின் ஒரு மூலை மட்டும் நசுங்கியிருக்கிறது என்றால் வாங்கிக்கொள்வதே நல்லது. உள்ளே இருக்கும் பொருள் நன்றாக இருக்கவும் வாய்ப்புண்டு. திருப்பி அனுப்பிவிட்டால் அது விற்றவரிடம் போய்ச் சேரும் வரை பணமும் இல்லை, பொருளும் இல்லை என்று காத்திருக்க வேண்டிவரும். ஆனால் ஓட்டுநர் நிற்கும்போதே நசுங்கிய பக்கத்தையும் பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

பெட்டி கிழிந்து உள்ளிருப்பது வெளியே தெரிகிறது, அல்லது தூக்கும்போது கண்ணாடி உடைந்த சத்தம் கேட்கிறது என்றால், வாங்க மறுத்துவிட்டு, மறுத்ததற்கான காரணத்தை அன்றே செயலியில் விற்றவருக்கு எழுதிவிடுங்கள். பொருள் வரும்போது பணம் கொடுக்கும் முறையில் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். அந்த முறையில், பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைப் பிரித்துப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள் என்பதால் வெளிப்புறத்தைக் கவனமாகப் பார்ப்பது இன்னும் முக்கியம்.

காணொளி எடுக்கணும்னு சொல்றாங்களே, அதை எப்படி எடுக்கறது?

வெட்டாமல், இடையில் நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். முதலில் முகவரிச் சீட்டிலுள்ள பெயரும் பார்சல் எண்ணும் படிக்கும்படி தெரியட்டும். பிறகு பெட்டியின் ஆறு பக்கங்களையும் திருப்பிக் காட்டி, ஒட்டுநாடா பிரிக்கப்படாமல் இருப்பதைக் காட்டி, அதன்பின் கத்தியை வைக்கலாம். ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் கத்தியுமாகத் திண்டாடாமல், வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பொருளை வெளியே எடுத்ததும் அதன் தொடர் எண், உடைந்த இடம், பெட்டிக்குள் இருந்த அடைப்புப் பஞ்சு அல்லது அது இல்லாத வெறுமை ஆகியவற்றையும் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

போன தீபாவளிக்கு முன்பு ஓர் அம்மாள் மூன்று ஜார் கொண்ட மிக்சி ஒன்றை என் மேசை மேலேயே பிரித்தார். பெட்டி புதுக்கருக்குக் குலையாமல் இருந்தது. மூன்று ஜாரும் பளபளத்தன. வீட்டுக்குப் போய்ச் சட்னி அரைத்தபோது நடு ஜாரின் அடியிலிருந்து நீர் கசிந்து மோட்டார் மேல் இறங்கியிருக்கிறது. திரும்பக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான், பிடியின் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. அதனால் கண்ணாடி, பிளாஸ்டிக், பீங்கான் பாத்திரங்களைக் காணொளி ஓடும்போதே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுங்கள். தண்ணீர் நிற்க வேண்டிய பாத்திரமானால் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். மின்பொருளாக இருந்து உடைசல் கண்ணுக்குத் தெரிந்தால் மின்சாரத்தில் இணைத்துச் சோதிக்க வேண்டாம்.

பெட்டியைக் குப்பையில போட்டுட்டேன். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா?

முடியும். பெட்டி இருந்தால்தான் உரிமை உண்டு என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் திருப்பி அனுப்பும்போது பொருள் வந்த பெட்டியிலேயே வர வேண்டும் என்று பல விற்பனைச் செயலிகள் நிபந்தனை வைத்திருக்கின்றன. பெட்டி இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விற்றவர் இழுத்தடிக்கவும் கூடும். குப்பை லாரி இன்னும் வரவில்லை என்றால் போய் எடுத்து வாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. எடுக்க முடியாவிட்டால் இருக்கிற படங்களோடு புகாரைத் தொடங்கிவிடுங்கள்.

பிரிச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடியே 'பொருள் கிடைத்தது' பட்டனை அமுக்கிட்டேன். பணம் போச்சா?

ஷாப்பி, லசாடா போன்ற செயலிகளில் நீங்கள் கட்டும் பணம் உடனே விற்றவர் கைக்குப் போவதில்லை. பொருள் நல்லபடியாகக் கிடைத்ததை நீங்கள் உறுதிப்படுத்தும் வரையோ, குறிப்பிட்ட நாள்கள் கழியும் வரையோ செயலியே அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பட்டனை அமுக்கினால், பணத்தை அவருக்கு விடுவித்துவிடலாம் என்று நீங்கள் அனுமதி கொடுத்ததாகப் பொருள். நாணயங்கள் கிடைக்கும், புள்ளிகள் கிடைக்கும் என்று கைப்பேசி நச்சரித்தாலும், பொருளை ஓட்டிப் பார்க்காமல் அமுக்காதீர்கள். அமுக்காமலே விட்டாலும் காலக்கெடு முடிந்ததும் அது தானாக உறுதியாகிவிடும். எத்தனை நாள் என்பது செயலிக்குச் செயலி, காலத்துக்குக் காலம் மாறுகிறது. உங்கள் ஆர்டர் பக்கத்தில் போட்டிருக்கும் தேதியே கணக்கு.

அமுக்கியாகிவிட்டது என்றாலும் ஆர்டர் பக்கத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது அடைபட்டிருந்தால் செயலியின் எளிய வழிதான் போயிற்று. சட்டம் தரும் உரிமை போகவில்லை. அதைப் பற்றிக் கீழே, பயனீட்டாளர் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

உடைச்சது கூரியர்காரங்களா, விற்றவங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? யார்கிட்ட சண்டை போடறது?

விற்றவரிடம். நீங்கள் பணம் கட்டியதும் அவருக்கு, பேசியதும் அவரிடம். கூரியரை அமர்த்தியவர் பெரும்பாலும் விற்றவரோ விற்பனைச் செயலியோதான். கூரியர் நிறுவனத்தோடு உங்களுக்கு நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லாததால், அவர்களிடம் போனால் 'அனுப்பியவரைக் கேட்கச் சொல்லுங்கள்' என்ற பதிலே கிடைக்கும். பயணத்தில் குலுங்கும் என்று தெரிந்த பொருளை அதற்கேற்றபடி கட்டி அனுப்புவது விற்றவரின் வேலை. காணொளியில் அடைப்புப் பஞ்சைக் காட்டச் சொன்னது இதற்காகத்தான்: ஒரு சுற்றுக் குமிழித்தாள்கூட இல்லாமல் கண்ணாடி ஜாரை அனுப்பிவிட்டுக் கூரியரைக் குறை சொல்பவரின் வாதம் அந்தக் காட்சியின் முன் நிற்காது.

அவர் கூரியரிடம் இழப்பீடு கேட்டு வாங்குவது அவர்களுக்குள் நடக்கும் கணக்கு. 'கூரியர் விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று அவர் சொன்னால், செயலியின் காலக்கெடு அதற்காகக் காத்திருக்காது என்பதை நினைவில் வைத்து உங்கள் புகாரை உடனே பதிந்துவிடுங்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்களே?

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை, யாரும் எழுதிக் கொடுக்காமலேயே ஒவ்வொரு விற்பனையிலும் சேர்த்துவிடுகிறது. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, அந்த உத்தரவாதத்திலிருந்து ஒப்பந்தம் போட்டுத் தப்பிக்க முடியாது என்கிறது. ஆகவே உடைந்த பொருளைப் பொறுத்தவரை அந்தக் கொட்டை எழுத்துக்கு மதிப்பில்லை. தொடக்கத்தில் இணைய விற்பனைக்குப் பொருந்தாமல் இருந்த இச்சட்டம் 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் பொருந்துகிறது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சேலையின் நிறம் படத்தில் பார்த்ததைப் போலவே இருக்கிறது, உங்களுக்குத்தான் இப்போது பிடிக்கவில்லை என்றால், திருப்பி எடுத்துக்கொள்ளச் சட்டம் விற்றவரைக் கட்டாயப்படுத்தாது. விளம்பரத்தில் மெரூன், வந்தது ஆரஞ்சு என்றால் கதை வேறு. வருணனைக்குப் பொருந்தாத பொருள் என்பதும் உடைந்த பொருளைப் போலவே உத்தரவாதத்தை மீறியதுதான். மனம் மாறியதற்கும் பழுதுக்கும் உள்ள இந்தக் கோட்டை அழித்துப் பேசுகிறவர்கள் விற்பவர்களிலும் உண்டு, வாங்குபவர்களிலும் உண்டு.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா, புதுசு கேட்கலாமா, ரிப்பேர்தான் பண்ணித் தருவாங்களா? யார் முடிவு செய்யறது?

பழுது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. சரிசெய்யக்கூடிய சிறு பழுதானால், நியாயமான காலத்துக்குள் அதைச் சரிசெய்யும் வாய்ப்பை முதலில் விற்றவருக்குக் கொடுக்க வேண்டும். பழுது பார்ப்பதா, மாற்றிக் கொடுப்பதா என்பதை அந்த நிலையில் அவர் தேர்ந்தெடுக்கலாம். அவர் மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ, அல்லது இப்படியொரு பழுது இருப்பது தெரிந்திருந்தால் யாருமே இந்தப் பொருளை வாங்கியிருக்கமாட்டார்கள் என்னும் அளவுக்கு அது பெரியதாக இருந்தாலோ, பொருளையே வேண்டாமென்று நிராகரிக்கலாம். நிராகரித்த பிறகு, பணமா அல்லது அதே வகைப் புதுப்பொருளா என்பதை நீங்கள் சொல்லலாம். பொருளை வைத்துக்கொண்டு, குறைந்துபோன மதிப்பை மட்டும் இழப்பீடாகக் கேட்கும் வழியும் உண்டு.

நிராகரிக்கும் உரிமை என்றென்றும் நீடிக்காது. நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும். வந்த பிறகு உங்கள் கையால் வேறு சேதம் ஏற்பட்டிருக்கக் கூடாது. பொருள் தொலைந்தோ கைமாறியோ போயிருக்கக் கூடாது. கீறிய குக்கரில் மூன்று மாதம் சோறாக்கிவிட்டு, நான்காம் மாதம் 'வரும்போதே கீறலோடு வந்தது' என்று சொல்பவரை யார் நம்புவார்கள்?

ஒரு மாதிரி பேசறார் அக்கா: 'இருபது வெள்ளி (ரிங்கிட்) தர்றேன், புகாரை எடுத்துடுங்க, அஞ்சு நட்சத்திரம் போடுங்க'ங்கிறார்.

பொருள் வேலை செய்கிறது, வெளிப்புறத்தில் கீறல் மட்டுந்தான் என்றால், மதிப்புக் குறைவுக்கு ஈடாக ஒரு தொகையைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை. சரி என்று சொல்லிவிட்டால் விவகாரம் அதோடு முடிந்தது என்று பொருள்படும் என்பதை அறிந்து சொல்லுங்கள். கசியும் ஜாருக்கும் எரியாத அடுப்புக்கும் இருபது வெள்ளி போதாது.

பணம் உங்கள் கணக்கில் விழுவதற்கு முன் புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். பல செயலிகளில், ஒருமுறை திரும்பப் பெற்ற புகாரை மீண்டும் திறக்க முடியாது. 'வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம்' என்ற அழைப்பையும் ஏற்க வேண்டாம். செயலிக்குள் நடக்கும் உரையாடலை அந்தச் செயலியின் அதிகாரி பார்க்க முடியும், வெளியே நடப்பதை அவர் பார்க்கமாட்டார். நட்சத்திரத்தைப் பொறுத்தவரை, நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் அடுத்து வாங்குபவருக்கு உதவும் என்பது என் கருத்து.

எனக்கு மலாய் எழுத அவ்வளவா வராது. விற்றவருக்கு என்னன்னு எழுதறது?

நீளமாக எழுத வேண்டாம்; கோபமாகவும் எழுத வேண்டாம். வாங்கிய தேதி, ஆர்டர் எண், எது எப்படி உடைந்திருக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'இன்ன தேதியில், இன்ன ஆர்டர் எண்ணில் உங்களிடம் வாங்கிய மிக்சி நேற்று வந்தது. நடு ஜாரின் பிடிக்குக் கீழே விரிசல் இருக்கிறது, நீர் கசிகிறது. பிரித்த காணொளியும் மூன்று படங்களும் இணைத்துள்ளேன். ஏழு நாள்களுக்குள் புது ஜார் அனுப்புங்கள். இயலாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.'

மலாயில் 'பாராங் டிதெரிமா ரோசாக், சாயா மிந்தா காந்தியான் அத்தாவ் பாயாரான் பாலிக்' என்ற ஒரே வரி முக்கியமானதைச் சொல்லிவிடும்: வந்த பொருள் பழுது, மாற்றுப்பொருள் அல்லது பணம் வேண்டும். தொலைபேசியில் பேசினாலும், பேசி முடித்ததும் 'இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். என் மேசைக்கு வந்து தோற்றுப்போன விவகாரங்களில் முக்கால்வாசி, 'ஃபோன்ல நல்லாத்தான் பேசினார்' என்று தொடங்கியவைதான்.

திருப்பி அனுப்பற செலவு யாருக்கு? அலமாரியை எப்படி அனுப்பறது?

செயலி வழியாகப் புகார் ஏற்கப்பட்டால், பெரும்பாலும் கட்டணமில்லாத அனுப்புச்சீட்டு ஒன்று கிடைக்கும். அதை அச்சடித்து ஒட்டிக் கூரியர் கடையில் கொடுத்தால் போதும். கொடுத்ததற்கான ரசீதைப் பணம் வந்து சேரும் வரை பத்திரப்படுத்துங்கள். பெட்டியை மூடுவதற்கு முன்பும் ஒரு சிறு காணொளி எடுங்கள், ஏனென்றால் 'வெறும் பெட்டிதான் வந்தது' என்று விற்றவர் சொல்லும் நாளும் வரலாம்.

சட்டப்படி, நிராகரித்த பொருளைத் திருப்பிச் சேர்ப்பது வாங்கியவரின் கடமைதான். ஆனால் பொருளின் பருமனாலோ பழுதின் தன்மையாலோ திருப்பி அனுப்பப் பெருஞ்செலவாகும் என்றால், விற்றவரே தம் செலவில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம், கட்டில் எல்லாம் இந்த வகைக்குள் வரும். வந்து எடுக்கும்படி எழுத்தில் கேட்டுவிட்டு, மழை படாத இடத்தில் வைத்திருங்கள்.

மகன் கோலாலம்பூர்ல இருந்து அவன் ஃபோன்ல ஆர்டர் பண்ணினான். பொருள் என்கிட்ட இருக்கு. நான் புகார் பண்ணலாமா?

செயலிக்குள் செய்ய வேண்டியதை, கணக்கு யாருடையதோ அவரே செய்ய வேண்டும். ஆகவே படங்களையும் காணொளியையும் அன்றிரவே மகனுக்கு அனுப்பிவிடுங்கள். வார இறுதிக்கு வீட்டுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவதுதான் எங்கள் ஊரில் நான் அதிகம் பார்க்கும் தவறு. மகன் வருவதற்குள் காலக்கெடு போய்விடுகிறது.

செயலிக்கு வெளியே போக நேர்ந்தால், பொருளை வாங்கியவரைப் போலவே பயன்படுத்துபவரையும் சட்டம் பயனீட்டாளராகவே பார்க்கிறது. இருந்தாலும் ரசீது மகன் பெயரில் இருப்பதால், அவர் பெயரிலேயே போவது வீண்கேள்விகளைக் குறைக்கும்.

ஃபேஸ்புக்ல பார்த்து, பேங்க்ல பணம் போட்டு வாங்கினேன். இப்ப நம்பரையே பிளாக் பண்ணிட்டார்.

நடுவில் பணத்தைப் பிடித்து வைக்கும் செயலி இல்லாததால், மேலே நான்காம் பதிலில் சொன்ன பாதுகாப்பு இங்கே கிடையாது. இது பழுதான பொருளா, மோசடியா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பொருள் வந்திருக்கிறது, விற்றவர் தொடர்ந்து தொழில் நடத்துகிறவர், பழுது மட்டுமே பிரச்சினை என்றால் மற்ற பதில்கள் அனைத்தும் அவருக்கும் பொருந்தும். பொருளே வரவில்லை, அல்லது மிக்சிக்குப் பதிலாகச் செங்கல் வந்தது, ஆளும் மறைந்துவிட்டார் என்றால் அது மோசடி. பணம் போட்டுச் சிறிது நேரந்தான் ஆகிறது என்றால் உடனே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள், பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அடுத்த முறை பணம் போடுவதற்கு முன், மோசடிப் புகாருக்கு உள்ளான கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. தம் வீட்டுப் பழைய மிதிவண்டியை விற்கும் தனியாள், தொழிலாக விற்பவர் அல்லர். அவர்மீது பயனீட்டாளர் சட்டம் பாயாது. பழைய பொருள்களையே தொழிலாக விற்கும் கடைக்கு அது பொருந்தும், ஆனால் விலைக்கும் பழைமைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்க முடியும்.

விற்றவர் வெளிநாட்டுல இருக்கார். அவரை என்ன செய்ய முடியும்?

செயலியின் காலக்கெடுவுக்குள் செய்வதைத் தவிர, உண்மையாகச் சொன்னால், அதிகமாக எதுவும் செய்ய முடியாது. உள்ளூர் நடுவர் மன்றத்தின் ஆணையை எடுத்துக்கொண்டு வெளிநாட்டுக் கிடங்கின் கதவைத் தட்ட முடியாது. பணம் திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மிகாத வெளிநாட்டு இணையப் பொருள்களுக்குப் பத்து விழுக்காடு விற்பனை வரி சேர்கிறது. நீங்கள் கட்டிய அந்த வரியும் திரும்பி வந்திருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள்.

இந்தியா கிரைண்டர், உருண்டை முள் பிளக். அதை வெட்டி நம்ம பிளக் மாட்டினேன். இப்ப 'நீங்க கை வெச்சுட்டீங்க'ன்னு சொல்றாங்க.

கேட்டவர் கொண்டுவந்த கிரைண்டரில் உடைந்திருந்தது கல் உருளையின் ஓரம். பிளக்கை மாற்றியதற்கும் கல் உடைந்ததற்கும் தொடர்பில்லை என்பதால், அந்தச் சாக்கு செல்லாது என்று எழுதிக் கொடுத்தேன். மோட்டார் எரிந்திருந்தால் நானே தயங்கியிருப்பேன். வந்த பிறகு வாங்கியவரால் நேர்ந்த சேதம் என்று வாதிட விற்றவருக்கு இடம் கிடைத்துவிடும். இந்தியாவிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான் என்பதால் பொருள் ஓடும், முள்தான் பொருந்தாது. பழுது இல்லை என்று உறுதியாகும் வரை கம்பியை வெட்டாமல், மாற்றுப் பிளக் வைத்துச் சோதிப்பதே நல்லது. இங்கே விற்கப்படும் வீட்டு மின்சாதனங்களில் சிரிம் என்ற தரச்சான்று நிறுவனத்தின் முத்திரை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத பொருளைப் பற்றித் தனியாகவும் புகார் செய்யலாம்.

சரி, விற்றவர் மசியலை. எங்கே போய்ச் சொல்றது?

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் 1-800-886-800 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, அதன் இணையப் புகார்த் தளத்திலோ சொல்லலாம். அலுவலகத்துக்கே போவதென்றால், கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள் என்பதை பேராக்கிலிருந்து அண்மையில் குடிவந்தவர்கள் மறந்துவிட வேண்டாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம் என்பது நம்மவர்களுக்கு ஓர் ஆறுதல்.

அமைச்சு விதிமீறலை விசாரித்து நடவடிக்கை எடுக்கும் இடம். உங்கள் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆணை போடுவது நடுவர் மன்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அமைச்சில் புகார் எண் வாங்கியதோடு பணம் வந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

நடுவர் மன்றம்னா கோர்ட்டா? வக்கீல் வெக்கணுமா? எவ்வளவு செலவாகும்?

மலாயில் 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா' என்று பெயர். அதே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இந்த வரம்பு 25,000 ஆக இருந்தது. விசாரணையில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் பெரிய கடைக்காரரும் உங்களைப் போலத் தாமே பேச வேண்டும். கோரிக்கைக்குக் காரணமான சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். உடைந்த பொருளால் உடம்பில் காயம் ஏற்பட்டதற்கான இழப்பீட்டை மட்டும் இங்கே கேட்க முடியாது.

படிவம் ஒன்றை நிரப்பி, ரசீது, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம். இங்கேதான் பலருக்கு முட்டுக்கட்டை விழுகிறது: விற்றவரின் உண்மையான பெயரும் முகவரியும் தெரியாமல் யார்மீது பதிவது? இணைய வாணிபத்துக்கென 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகள், விற்பவர் தம் பெயர், தொழில் பதிவு எண் இருந்தால் அது, தொடர்புகொள்ளும் விவரங்கள் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்றன. 2024 டிசம்பரில் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன. ஆகவே வாங்கும் அன்றே விற்பவரின் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிரச்சினை வந்த பிறகு பார்த்தால் அந்தப் பக்கமே இல்லாமல் போயிருக்கும்.

ஆணை வந்தும் அவர் பணம் தரலைன்னா?

ஆணைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் வலிமை உண்டு. பதினான்கு நாள்களுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம்; அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எதிர்த்தரப்பு விசாரணைக்கே வராவிட்டாலும் மன்றம் ஆணை பிறப்பிக்க முடியும். பதினைந்தாம் நாள் காலையில் பணம் வரவில்லை என்றால், ஆணையின் நகலோடு மன்றத்துக்கே எழுதித் தெரிவியுங்கள்.

நான் இட்லிக் கடைக்கு வாங்கின மாவரைக்கிற மெஷின் இது. எனக்கும் இதெல்லாம் உண்டா?

சிக்கலான கேள்வி. வழக்கமாக வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கப்படும் வகைப் பொருள்களுக்கே இச்சட்டம். மறுவிற்பனைக்கென வாங்கியவரும், உற்பத்தியில் செலவழிக்க வாங்கியவரும் பயனீட்டாளர் ஆகமாட்டார்கள். இரண்டு லிட்டர் வீட்டுக் கிரைண்டரைக் கடையில் வைத்திருப்பவருக்கு வாதிட இடமுண்டு. நாற்பது லிட்டர் வணிக இயந்திரம் வாங்கியவருக்கு அந்த இடம் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர் தனிநபராக, 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகைக்கு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையை நாடலாம். செயலியின் பணம் திரும்பப் பெறும் வழி, நீங்கள் கடைக்கு வாங்கினீர்களா வீட்டுக்கு வாங்கினீர்களா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதை முதலில் பயன்படுத்துங்கள்.

முப்பத்தஞ்சு வெள்ளிச் சாமானுக்கு இவ்வளவு அலையணுமா அக்கா?

நடுவர் மன்றம் வரை போக வேண்டுமா என்று கேட்டால், நானே வேண்டாமென்றுதான் சொல்வேன். விசாரணை நாளன்று வேலைக்குப் போகாவிட்டால் இழக்கும் கூலியே அந்தச் சாமானின் விலையை விட அதிகம். ஆனால் காணொளி எடுக்க நான்கு நிமிடம், செயலியில் புகார் பதியப் பத்து நிமிடம். அது அலைச்சல் ஆகாது. மேலே சொன்ன மிக்சி அம்மாளுக்கும் அவ்வளவுதான் ஆனது. காணொளி இல்லாததால் விற்றவர் இரண்டு நாள் முறைத்தார். செய்தித்தாள் மேல் வைத்த ஜாரிலிருந்து ஈரம் வட்டமாகப் பரவியதை ஐந்து நிமிடம் ஓடும் படமாக எடுத்து அனுப்பியதும் புது ஜார் அனுப்பச் சம்மதித்தார். அது தீபாவளிக்கு முந்தின நாள் மாலை என் மேசையில் வந்து இறங்கியது. இந்த முறை, பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவரே கைப்பேசியை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.